குளோரினும் இருக்கிறது, பாசியும் இருக்கிறது

எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளம் 15 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். சராசரி ஆழம் ஒன்றேகால் மீட்டர். பெருக்கினால் 1.5 லட்சம் லிட்டர் வரும். சென்னை ஓஎம்ஆர் பக்கத்து அடுக்குமாடிகளில் இது சாதாரண அளவுதான். இந்தக் கொள்ளளவு தெரியாமல் எந்த மருந்தையும் அளந்து போட முடியாது. ஆனால் பல குடியிருப்புகளில் இது ஒருவருக்கும் தெரியாது. பம்ப் ரூமில் கேட்டால் "ரெண்டு டப்பா போடுவேன் சார்" என்பார்கள். எவ்வளவு தண்ணீருக்கு ரெண்டு டப்பா, அந்த டப்பாவில் இருப்பது என்ன என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

கல்லூரியில் வேதியியல் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காகக் குடியிருப்போர் சங்கம் இந்தக் குளத்தை என் தலையில் கட்டியது. அது கோடைக்காலம், பள்ளி விடுமுறை. குளம் பச்சை கட்டிக் கிடந்தது. படிக்கட்டின் ஓரங்களில் கை வைத்தால் வழுக்கும். வாட்ஸப் குழுவில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "குளோரினே போடலை போல." ஆனால் பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் தினமும் குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் மூன்று பங்கு), பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 7.6 என்று எழுதியிருந்தது. பொய்க் கணக்கு என்று நினைத்து நானே டெஸ்ட் கிட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மையாகவே 3 பிபிஎம்தான் இருந்தது. புத்தகக் கணக்குப்படி 1 முதல் 3 வரை இருந்தால் போதும். குளோரினும் இருக்கிறது, பாசியும் இருக்கிறது.

பிஎச் தப்பாக இருக்குமோ என்பதுதான் முதல் சந்தேகம். குளோரினைத் தண்ணீரில் கரைத்தால் அது இரண்டு உருவங்களில் இருக்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். கிருமியையும் பாசியையும் கொல்வது இதுதான். மற்றது ஹைப்போகுளோரைட் அயனி, வேலைக்கு ஆகாத சோம்பேறி. பிஎச் 7.5-ல் இரண்டும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பிஎச் 8-க்கு ஏறினால் வேலை செய்யும் பங்கு கால்வாசியாகச் சுருங்கிவிடும். 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் வை என்று எல்லாரும் சொல்வதற்கு இது ஒரு காரணம், கண்ணும் தோலும் எரியாமல் இருப்பது இன்னொரு காரணம். எங்கள் தண்ணீர் 7.6. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குற்றவாளி இருந்தது பதிவேட்டில் இடமே இல்லாத ஒரு கட்டத்தில்.

எங்கள் குளத்துக்கு அப்போது போட்டுக்கொண்டிருந்தது டிசிசிஏ மாத்திரை, அதாவது டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம். உள்ளங்கை அகல வெள்ளை வில்லை, டப்பாவில் 90 சதவீதம் என்று போட்டிருக்கும். கையாளச் சுலபம், மெதுவாகக் கரையும், வெயிலில் சட்டென்று வீணாகாது. பராமரிப்பு ஆட்களுக்கு இதன் மேல் தனிப் பிரியம். போட்டுவிட்டு அடுத்த குடியிருப்புக்குப் போய்விடலாம். இந்த வில்லை கரையும்போது குளோரினோடு சயனூரிக் அமிலத்தையும் தண்ணீரில் விடுகிறது. தொழிலில் அதை ஸ்டெபிலைசர் என்பார்கள். கொஞ்சம் இருந்தால் நல்லதுதான். அது துளியும் இல்லாத குளத்தில் நேர் வெயில் பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் காணாமல் போகும். சயனூரிக் அமிலம் குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சூரியன் அவ்வளவு சீக்கிரம் அழிக்க முடியாது. 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் திறந்தவெளிக் குளத்துக்குப் போதும்.

சிக்கல் என்னவென்றால், குளோரின் செலவாகிவிடும், சயனூரிக் அமிலம் செலவாகாது. ஆவியாகவும் ஆகாது, ஃபில்டரிலும் நிற்காது. டிசிசிஏ வழியாக 10 பிபிஎம் குளோரின் போட்டால் கூடவே சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேரும். நம் ஊர் வெயிலில் ஒரு குளம் நாளுக்கு 2 பிபிஎம் குளோரினைச் சாதாரணமாகத் தின்னும். அப்படியானால் நாளுக்கு 1.2, மாதத்துக்கு 36. மூன்று மாதம் வில்லை மட்டுமே போட்டால் 100-ஐத் தாண்டிவிடும். ஒரு வருடம் போட்டால்? அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

சயனூரிக் அமிலம் ஏற ஏற, குளோரினில் பெரும்பகுதி அதன் பிடியில் போய்விடும். டெஸ்ட் கிட் அதையும் சேர்த்துத்தான் எண்ணும். பிக்சட் டெபாசிட்டில் போட்ட பணம் மாதிரி: பாஸ்புக்கில் இருக்கிறது, காய்கறி வாங்கக் கையில் இல்லை. பாசி வராமல் தடுக்க, சயனூரிக் அமிலம் எவ்வளவோ அதில் ஏழரை சதவீதமாவது குளோரின் இருக்க வேண்டும் என்பது குளம் வைத்திருப்பவர்களிடையே நன்கு பழகிய கணக்கு. ஸ்டெபிலைசர் 40 என்றால் 3 பிபிஎம் போதும். 120 என்றால் 9 வேண்டும். எங்கள் பதிவேட்டின் 3 பிபிஎம் 40-க்குச் சரியான எண், 120-க்குப் பட்டினி.

இதைச் சோதிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குளத்துத் தண்ணீரோடு மெலமைன் கரைசலைச் சம அளவு கலந்தால் பால் போலக் கலங்கும். அடியில் கரும்புள்ளி இருக்கும் குழாயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். புள்ளி மறையும் உயரத்தில் அளவு எழுதியிருக்கும். 100-க்கு மேல் போனால் குழாயால் சரியாகக் காட்ட முடியாது. அப்போது குளத்து நீரில் பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் கலந்து, வரும் விடையை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு 60 வந்தது. அதாவது 120. ஒப்பந்தக்காரரிடம் சொன்னபோது அவர், "அந்த டெஸ்ட் எல்லாம் ஃபைவ் ஸ்டார் ஹோட்டலுக்கு சார்" என்றார். இதை நான் அவர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்குப் பழக்கிவிட்டவர்களும் அதைச் செய்ததில்லை.

டெஸ்ட் கிட் பற்றி இங்கேயே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மலிவாகக் கிடைக்கும் கிட்டில் ஆர்த்தோடோலிடின் என்ற சொட்டு மருந்து இருக்கும், தண்ணீர் மஞ்சளாகும். அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். உழைத்துக் களைத்த குளோரினையும் சேர்த்து எண்ணிவிடும். வேர்வையும் சிறுநீரும் கொண்டுவரும் நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் கூடினால் குளோரமைன் ஆகும். நீச்சல் குளத்துக்கே உரிய அந்த வாடையும் கண் எரிச்சலும் பெரும்பாலும் இதனால்தான். "குளோரின் வாடை தூக்குது, ஓவரா போட்டுட்டாங்க" என்று யாராவது சொன்னால், அநேகமாகக் குளோரின் பற்றாமல்தான் இருக்கும். இன்னும் போட்டால் வாடை போகும். இதைச் சங்கக் கூட்டத்தில் சொல்லிப் புரியவைப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி கிட் தனிக் குளோரினை, அதாவது இன்னும் குளோரமைன் ஆகாத குளோரினைப் பிரித்துக் காட்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. குளோரின் மிக அதிகமானால் அந்தச் சிவப்பையே வெளுத்துவிடும். நிறமே வராது, குளோரின் சுத்தமாக இல்லை என்று தோன்றும், மேலும் மேலும் கொட்டத் தோன்றும். துளித் துளியாக விட்டு நிறம் போகும் வரை எண்ணும் வகைக் கிட் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, 120-ஐ எப்படிக் குறைப்பது? நம்பகமான வழி ஒன்றுதான்: தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவது. அமெரிக்கக் காணொளிகளில் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். சென்னையில், அதுவும் கோடையில், பாதிக் குளத்தை வடிப்பது என்றால் 75,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஆறு வந்தும் கொஞ்சம் குறையும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, குடத்தோடு தெருவில் நின்ற ஊர் இது. குளத்துக்கு ஆறு லாரி என்று எழுந்து நின்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில் சங்கம் சம்மதித்தது. வடித்த தண்ணீரில் ஒரு பங்கை வாகன நிறுத்தம் கழுவப் பயன்படுத்தினோம்.

முழுவதையும் வடிக்காததற்கு லாரிச் செலவு மட்டும் காரணமில்லை. நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடங்களில் காலிக் குளத்தைக் கீழிருந்து நீர் அழுத்தித் தூக்கும். தரை விரிசல் விடலாம், தொட்டியே மேலெழும்பலாம். மழைக்காலம் முடிந்த கையோடு குளத்தைக் காலி செய்து வெள்ளையடிக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாதி மாற்றியதும் ஸ்டெபிலைசர் 60-க்கு வந்தது. இருக்கும் பாசியைக் கொல்ல, அதில் 40 சதவீதக் குளோரின் வேண்டும், அதாவது 24 பிபிஎம். இங்கேதான் கொள்ளளவு கைகொடுக்கும். ஒரு லட்சம் லிட்டரில் 1 பிபிஎம் என்பது 100 கிராம் குளோரின். எங்கள் குளத்துக்கு 150 கிராம். 24 பிபிஎம்முக்கு 3.6 கிலோ. திரவக் குளோரின், அதாவது கேனில் வரும் சோடியம் ஹைப்போகுளோரைட், 10 சதவீதம் என்று சொல்லி விற்பார்கள். வெயிலில் நின்ற கேன் அந்த வலுவோடு இருக்காது என்பதால் 8 சதவீதம் என்றே வைத்துக்கொண்டு 45 லிட்டர் ஊற்றினோம். சூரியன் தின்னாமல் இருக்கப் பொழுது சாய்ந்த பிறகுதான் ஊற்றினோம். பம்ப் இரவு முழுக்க ஓடியது. குளத்தைப் பூட்டி, யாரும் இறங்கக் கூடாது என்று பலகையும் வைத்தாகிவிட்டது.

ஒரு முறை ஊற்றிவிட்டுக் கைகழுவினால் பாசி திரும்பி வரும். பாசி சாகச் சாகக் குளோரினைத் தின்னும், அளவு சரியும், சரிந்ததை உடனுக்குடன் ஈடுகட்ட வேண்டும். கூடவே பிரஷ். இதில்தான் ஆட்கள் சோம்பல் படுவார்கள். சுவரில் ஒட்டிய பாசிக்கு மேலே ஒரு வழவழப்பான படலம் உண்டு, குளோரின் அதைத் துளைத்து உள்ளே போகச் சிரமப்படும். தேய்த்துக் கிளப்பிவிட்டால்தான் அது தண்ணீரில் வந்து மாட்டும். டைல்ஸ் இடுக்குகளில் கரும்புள்ளிகளாக வேர் பிடிப்பது கரும்பாசி, உண்மையில் சயனோபாக்டீரியா. அதற்குக் கம்பி பிரஷும் மிகுந்த பிடிவாதமும் வேண்டும். எங்களுக்கு அது வரவில்லை. வந்த பச்சைப் பாசி சாம்பல் நிறமாகி, பிறகு தண்ணீர் பால் கலந்தது போல ஆனது. "பச்சையே தேவலாம்" என்று குழுவில் ஒருவர் எழுதினார். அந்த வெள்ளைக் கலங்கல்தான் செத்த பாசி. அதை எடுப்பது மணல் ஃபில்டரின் வேலை. அழுத்தமானி வழக்கத்தைவிட 8, 10 பிஎஸ்ஐ ஏறும்போதெல்லாம் பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டு ஃபில்டரைக் கழுவ வேண்டும். கரண்ட் பில்லை நினைத்துத் தினமும் மூன்று மணி நேரம் மட்டும் பம்ப் ஓட்டும் குடியிருப்புகள் உண்டு. எங்கள் பம்ப் மணிக்கு 25,000 லிட்டர் தள்ளும். முழுக் குளமும் ஒரு தடவை ஃபில்டரைக் கடக்கவே ஆறு மணி நேரம் வேண்டும்.

இன்னொரு இடத்தையும் சொல்ல வேண்டும். வழிந்தோடும் வகைக் குளங்களில் ஓரத்துச் சல்லடை வழியாகப் போகும் தண்ணீர் ஒரு பேலன்சிங் டேங்கில் விழும். தரைக்கடியில் இருட்டாக இருக்கும், மூடியைத் திறந்து யாரும் பார்ப்பதில்லை. எங்கள் தொட்டியின் சுவர்களில் கொழகொழவென்று ஒரு படலம் ஒட்டியிருந்தது. வெளியே எத்தனை குளோரின் ஊற்றினாலும் அங்கே ஒரு பங்கு வீணாகிக்கொண்டே இருந்திருக்கிறது. தேய்த்துக் கழுவினோம்.

முடிந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. இருட்டிய பிறகு ஒரு தடவை அளந்து, வெயில் வருவதற்கு முன் மறுபடி அளக்க வேண்டும். இரவில் சூரியன் இல்லை, குளிப்பவர் இல்லை. அப்போதும் குளோரின் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாத பாசி இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். குறையாமல் நின்றால், தண்ணீரும் தெளிந்திருந்தால், குளோரின் அளவைத் தானாக இறங்கவிட்டுக் குளத்தைத் திறக்கலாம்.

இந்தக் கதையின் நடுவில் எங்களுக்கு வந்த ஆலோசனைகளில் பெரும்பாலானவை வேறு ஏதாவது ஒன்றை உள்ளே கொட்டச் சொன்னவை. அதில் முதலிடம் மயில்துத்தத்துக்கு. காப்பர் சல்பேட் பாசியைக் கொல்லும், பொய்யில்லை. ஆனால் தாமிரம் எங்கும் போகாது. பிஎச் ஏறினால் படிக்கட்டிலும் சுவரிலும் கறையாகப் படியும், வெளிறிய முடியில் ஒட்டிப் பச்சை காட்டும். முடி பச்சையாவதற்குக் குளோரினைத் திட்டுவார்கள், தாமிரம்தான் காரணம். கருத்த முடியில் தெரியாது என்பதால் நம் ஊரில் பிழைத்துக்கொள்கிறது. நரைத்த தலையோடு தினமும் நீந்தும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது படிகாரம். இது பாசியைக் கொல்லாது, மிதக்கும் துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்கும். கலங்கிய ஆற்று நீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசினார்களே, அதே வேலை. செத்த பாசி கிடக்கும் குளத்தில் அளவோடு பயன்படுத்தலாம். ஆனால் படிந்ததை ஃபில்டர் வழியாக அனுப்பாமல் நேராகச் சாக்கடைக்கு வேக்குவம் போட வேண்டும். பிஎச்சும், அதைத் தடுமாறாமல் பிடித்து வைக்கும் காரத்தன்மையும் இறங்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஹைட்ரஜன் பெராக்சைடு. இதற்கு உலகமே பார்த்த ஒரு சாட்சி இருக்கிறது. 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது மரியா லெங்க் அரங்கின் டைவிங் குளம் ஒரே நாளில் பச்சையானது. அடுத்த நாள் பக்கத்துக் குளமும் நிறம் மாறியது. காரத்தன்மை குறைந்தது, மருந்து தீர்ந்தது என்று முதலில் விளக்கங்கள் வந்தன. பிறகு அமைப்பாளர்களே சொன்ன காரணம்: தொடக்க விழா நாளன்று ஒப்பந்தக்காரர் ஒருவர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் குளங்களில் ஊற்றியிருக்கிறார். அதுவும் கிருமிநாசினிதான், குளோரினும் கிருமிநாசினிதான். சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், மிஞ்சுவது தண்ணீரும் ஆக்சிஜனும் கொஞ்சம் உப்பும். ஒருங்கிணைந்த நீச்சல் நடக்கவிருந்த குளத்தில் 37 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீரை மாற்றினார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் நிறைந்த பயிற்சிக் குளம் இருந்தது.

இனி வில்லை வேண்டாம் என்றால் எதைப் போடுவது? ப்ளீச்சிங் பவுடரில் ஸ்டெபிலைசர் இல்லை, ஆனால் சுண்ணாம்பு உண்டு. 30 சதவீதச் சொச்சம்தான் குளோரின், மீதி அடியில் வண்டலாகவும் தண்ணீரில் கால்சியமாகவும் சேரும். எங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே கடினம், வீட்டுக் குழாய் முனையெல்லாம் வெள்ளைப் பூச்சு. கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் குளத்திலிருந்து 600 லிட்டர் போகிறது. ஆவியாவது சுத்தமான நீர், ஈடுகட்ட ஊற்றுவது கடினநீர். அதில் கடினத்தன்மை 500 பிபிஎம் என்று வைத்தால் குளத்தில் மாதத்துக்கு 60 பிபிஎம் ஏறும். இதற்கு மேல் சுண்ணாம்பையும் நாமே கொட்டினால் டைல்ஸ் சொரசொரப்பாகிவிடும். திரவக் குளோரினில் மிஞ்சுவது சாதா உப்பு. மூன்றிலும் தொல்லை குறைந்தது அதுதான் என்பது என் முடிவு. தினமும் ஊற்ற வேண்டும், கேன் கனம், சட்டையில் பட்டால் வெளுத்துவிடும். இருந்தாலும் அதுதான். "உப்பு நீர்க் குளம், குளோரினே கிடையாது" என்று விற்கும் இயந்திரமும் உப்பிலிருந்து மின்சாரத்தால் இதே குளோரினைத்தான் செய்கிறது.

மாறும்போது ஓர் எச்சரிக்கை. பழைய டிசிசிஏ டப்பாவும் ப்ளீச்சிங் பவுடரும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. ஒரே மக்கை இரண்டுக்கும் பயன்படுத்தவே கூடாது. இரண்டும் குளோரின்தானே என்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கும். பிஎச் குறைக்க வைத்திருக்கும் ஆசிட்டும் திரவக் குளோரினும் கலந்தால் விஷ வாயு. மருந்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி பம்ப் ரூம் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

ஸ்டெபிலைசர் இன்னும் 60-ல்தான் நிற்கிறது. வில்லையை நிறுத்தியதால் ஏறவில்லை, அதற்கேற்பக் குளோரினை நாலரை, ஐந்து என்று வைத்துச் சமாளிக்கிறோம். மீதியை வடகிழக்குப் பருவமழையிடம் விட்டிருக்கிறேன். 15-க்கு 8 மீட்டர் பரப்பில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 12,000 லிட்டர், அதாவது காசு கேட்காத ஒரு டேங்கர் லாரி. அதில் சுண்ணாம்பும் இல்லை, ஸ்டெபிலைசரும் இல்லை. குளம் தளும்ப நிற்கும்போது பெய்தால் நல்ல மழைநீர் மேலாகவே வழிந்து போய்விடும். அதனால் கனமழை அறிவிப்பு வந்ததும் ஒரு சாண் தண்ணீரை முன்கூட்டியே வடித்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். மழைநீரில் காரத்தன்மை இல்லாததால் பிஎச் தடுமாறும். எங்கள் குளத்தில் 10 பிபிஎம் காரத்தன்மை ஏற்ற இரண்டரைக் கிலோ சமையல் சோடா போதும், மூட்டையாக வாங்கி வைத்தாயிற்று. தளத்தில் ஓடும் சேற்று நீர் உள்ளே வராமல் ஓரத்து வடிகாலைத் தூர் எடுக்க வேண்டும். அதற்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை.